ஹாரிகாவுக்கு வந்த தோட்டாப் பெட்டி

காபியில் சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லுங்கள் இன்ஸ்பெக்டர், போட்டுக் கலக்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் எப்போதும் குறைத்துத்தான் போடுவோம். கூடிப்போனால் கீழே கொட்டுவதைத் தவிர வழியில்லை, குறைந்தால் சரிசெய்துவிடலாம். என் ஃபவுண்டரியில் லேத் ஓட்டுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். சீவியதை ஒட்டவைக்க முடியாது, அதனால் கம்மியாகச் சீவுங்கள் என்பேன்.

நீங்கள் எழுதிக் கொண்டுவந்திருக்கும் வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன். எங்கள் ரைஃபிள் கிளப்பின் ஆயுத அறையைப் பார்த்துக்கொண்ட ரசாக், தோட்டாப் பெட்டியை ஈரத்தில் வைத்துக் கெடுத்துவிட்டார், அதனால்தான் என் மகள் ஹாரிகாவின் துப்பாக்கி வெடித்தது என்று இருக்கிறது. கீழே ‘கோவிந்தராஜுலு’ என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டிருப்பேன். ஆனால் நேற்று, நீங்கள் லாக்கப்பில் வைத்திருக்கும் ரசாக்கின் மனைவி ரம்லா உடுமலைப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“ஏனுங்க சார், மழைநாள்ல அவரு வெறுந்தரையில படுத்தாலும் படுப்பாருங்க. தோட்டாப் பெட்டியத் தரையில வெக்க மாட்டாருங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

எனக்குத் தெரியும். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பொறுமையாக எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் ஒரு காலத்தில் சுட்டவன்தான். கண் மங்கியதும் விட்டுவிட்டேன். ஹாரிகா காலேஜ் போகும்போது என் ரைஃபிளை எடுத்தாள், இரண்டே வருஷத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். அவளுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுப்பது என் வேலை ஆயிற்று. சுட்ட காலிக் கூட்டைச் சுத்தம் செய்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, தலையில் குண்டைப் பொருத்துவது. கடையில் வாங்குவது எல்லாத் துப்பாக்கிக்கும் பொது. வீட்டில் நிரப்புவது ஒரே ஒரு துப்பாக்கிக்கு, டெய்லர் அளவெடுத்துத் தைக்கிற மாதிரி. அதற்கு உரிமம் உண்டா என்பதை அப்புறம் கேளுங்கள்.

அமெரிக்காவிலிருக்கும் என் தங்கை மகன் சசிதர் தொண்ணூற்றாறில் வந்தபோது இரண்டு ஃபிளாப்பியில் தோட்டாக் கணக்குப் போடும் புரோகிராம் கொண்டுவந்தான். ஃபவுண்டரியில் கூலிக் கணக்குக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் அதை ஏற்றினோம். குண்டு என்ன எடை, என்ன மருந்து, எவ்வளவு என்று கேட்கும். சொன்னால், குண்டின் வேகம், பேரல் குழலுக்குள் அழுத்தம், முந்நூறு மீட்டரில் எவ்வளவு கீழே இறங்கும், ஆனி மாதத்துப் பாலக்காட்டுக் காற்று எவ்வளவு ஓரம் தள்ளும் எல்லாவற்றையும் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். அழுத்தம் எல்லை தாண்டினால் சிவப்பெழுத்து வரும். ஒரு நாளும் நான் சிவப்பைத் தொட்டதில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். குறைந்தால் என்ன ஆகும் என்று யாரும் பழமொழி சொல்லவில்லை.

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் எங்கள் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். அவள் படுத்துச் சுடுவாள். நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து டெலஸ்கோப்பில் பார்த்து, குண்டு எங்கே விழுந்தது என்று சொல்வேன். அவள் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டாள். நான் சொன்னதுதான் குண்டு விழுந்த இடம். என் மனைவி பங்காரம்மா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். என் பேச்சுக்கு அவளிடம் அவ்வளவு மதிப்பு இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் டெல்லியிலிருந்து ஒரு கோச் வந்து பார்த்தார். தேர்வுச் சுற்றில் ஜெயித்தால் ஒரு வருஷம் கேம்ப், அங்கே வெளிநாட்டு ஃபேக்டரித் தோட்டா மட்டும்தான், வீட்டில் நிரப்பியதை உள்ளே விடமாட்டோம் என்றார். பழகிக்கொள்ளட்டும் என்று ஒரு பெட்டி அனுப்பியும் வைத்தார். அன்றைக்குச் சாப்பிடும்போது ஹாரிகா என் தட்டில் நெய் ஊற்றிக்கொண்டே சொன்னாள். எங்கள் வீட்டுப் பேச்சு பாதி தெலுங்கு, உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

“இனிமே நீங்க கண்ணு வலிக்க உக்காந்து நிரப்ப வேண்டியதில்லீங்க நைனா. போதும், ரெஸ்ட் எடுங்க.”

அன்பாகத்தான் சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நான்கு வருஷம் உழைத்தவனை, பெரிய மனதோடு வேலையை விட்டு அனுப்புகிற மாதிரி இருந்தது.

நான் கிளப் செக்ரட்டரி. ஆயுத அறைச் சாவி ஒன்று என்னிடம் உண்டு. ரசாக் ஊருக்குப் போன நாளில் பெட்டியை வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஒவ்வொரு தோட்டாவையும் பிரித்து, மருந்தில் கொஞ்சம் எடுத்துவிட்டு, பழையபடி பொருத்தினேன். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுத்தான் செய்தேன். குண்டு ஒரு சாண் கீழே விழ வேண்டும், வேறு எந்தச் சேதமும் கூடாது. ஃபேக்டரித் தோட்டா சரியில்லை, நைனா தோட்டாதான் சரி என்று அவளே கோச்சிடம் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். கூட்டவில்லை பாருங்கள், குறைத்தேன். குறைத்ததற்கு யாராவது தண்டனை கொடுப்பார்களா?

கணக்கு அச்சுப் பிசகவில்லை. ஒரு சாண் கீழேதான் விழுந்தது. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தன. ஹாரிகா துப்பாக்கியின் குறிமானித் திருகை நாலு கிளிக் மேலே திருகினாள், அப்புறம் எல்லாம் நடுவில். “நல்ல தோட்டாங்க நைனா. கொஞ்சம் சாதுவா இருக்குது, அவ்ளோதான்” என்று சிரித்தாள். என் சுத்தமான வேலையே எனக்கு எதிரியாகிவிட்டது.

மிச்சம் பாதிப் பெட்டி இருந்தது. அதை மறுபடி எடுத்துவந்தேன். இந்த முறை ஒன்றுக்கொன்று அளவை மாற்றிவிட வேண்டும், திருகித் தீராதபடி சிதற வேண்டும். அதற்காக இன்னும் குறைத்துப் பார்த்தேன். ஒரு கட்டத்துக்குக் கீழே போனதும் கம்ப்யூட்டர் வேகத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டது. எண் வர வேண்டிய இடத்தில் ஒரு வரி வந்தது: குண்டு பேரலை விட்டு வெளியே போகாமல் இருக்கலாம். எனக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும் இன்ஸ்பெக்டர். படித்தேன். இருக்கலாம் என்றுதானே போட்டிருக்கிறது, இருக்கும் என்று இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். குண்டு நின்றுபோனால் தட்டி எடுத்துவிடலாம், அதற்கென்று கிளப்பில் கம்பி இருக்கிறது. அடைத்த பேரலில் இன்னொன்றைச் சுட்டால்தான் ஆபத்து. பக்கத்தில் நான் இருக்கும்போது அவள் ஏன் சுடப்போகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சிலவற்றை அந்த அளவிலேயே நிரப்பி மூடினேன்.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் கடைசிப் பயிற்சி. காற்று அவ்வளவாக இல்லை. முதல் மூன்றும் நான் நினைத்தபடியே மேலும் கீழுமாகப் போயின. அவள் முகத்தில் குழப்பம். எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் நிம்மதியாகவும் இருந்தது. நான்காவதில் சத்தம் அமுங்கி வந்தது, ஈரத் துணியை உதறுகிற மாதிரி.

ரசாக் வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தார். “பாப்பா, இருங்க. கைய எடுங்க. பேரலைப் பாத்துப்போட்டு அப்புறம் சுடலாம்” என்றார். உங்கள் காகிதத்தில் அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்று இருக்கிறது. சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார்.

ஹாரிகா கையை எடுத்தாள். தலையைத் தூக்காமல் என்னைக் கேட்டாள். “நைனா, உதையே இல்லீங்களே. குண்டு போச்சுங்களா?”

டெலஸ்கோப்பில் பார்த்தேன். குறி அட்டையில் மூன்று ஓட்டைகள்தான் இருந்தன. மறுபடி எண்ணினேன், மூன்றுதான். நான்காவது எங்கே இருக்கிறது என்று அந்த மைதானத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். இல்லை என்று சொன்னால் ரசாக் பேரலைப் பார்ப்பார். குண்டை எடுப்பார். அடுத்து, மிச்சத் தோட்டாவைப் பிரித்துப் பார்ப்பார், அவர் கெட்டிக்காரர். பிரித்தால் யார் கை பட்டது என்று ஹாரிகாவுக்குத் தெரிந்துவிடும். என் கை நேர்த்தியை அவளைவிட அறிந்தவர் யார்?

“விழுந்துருக்குது கண்ணு. அடியில, ஓரத்துல. ரசாக்கு, நான் பாத்துட்டேன். நீ அடுத்ததச் சுடு அம்மணி” என்றேன்.

அவள் என் பேச்சைத் தட்டுகிற பெண் இல்லை.

அவளுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, முகம் தெரியவில்லை. போன வாரம் ஒரு நாள், “நைனா, அந்த நாலாவது நெசமாவே விழுந்துச்சுங்களா?” என்று கேட்டாள். விழுந்தது என்றேன். “அப்பச் சரி” என்று விட்டுவிட்டாள். காலையில் பேப்பர் படித்துக் காட்டுகிறேன். சோறு பிசைந்து கொடுக்கிறேன். படி எங்கே இருக்கிறது, டம்ளர் எங்கே இருக்கிறது என்று நான்தான் சொல்கிறேன். டெல்லியிலிருந்து இப்போது யாரும் போன் செய்வதில்லை.

ரசாக்கை இன்றைக்கே விட்டுவிடுங்கள். நான் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், உள் அறையில் இருக்கிறாள், அவளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை. அவள் நல்லதுக்காகத்தான் கேட்கிறேன். பாவம், என்னை விட்டால் இப்போது அவளுக்கு யாரும் இல்லை.