தகரத்துக்கு வேர்க்கும்

டீ நன்றாக இருந்தது, சார். ஆறிவிடக் கூடாதென்று டம்ளரை ஒரு தட்டால் மூடிக் கொண்டுவந்தாரே உங்கள் ஏட்டையா, அந்தத் தட்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். தட்டில் ஓட்டை ஏதும் இல்லை. டீயின் ஆவி மேலே போய்க் குளிர்ந்த தட்டில் பட்டதும் தண்ணீராகிவிட்டது. இது விளங்கினால் என் வழக்கு முழுவதும் விளங்கிவிடும்.

நானாகவே ஸ்டேஷனுக்கு வந்ததும் இதற்காகத்தான். என் மச்சான் பெரியதம்பி கொடுத்த புகாரில், மண்டபத்துக் கூரை ஒழுகித் தங்கை மகளின் கல்யாணம் நின்றுவிட்டது, கூரை வேலை செய்த கோபியைப் பிடியுங்கள் என்று இருக்கிறதாம். கூரை ஒழுகவில்லை, சார். வேர்த்தது. கோபிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. வேர்க்க வைத்தவன் நான். என் பெயர் மாசிலாமணி. அதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்தில் இருபத்திரண்டு வருடமாக எனக்கு இதுதான் தொழில். தகரக் கொட்டகைகளுக்குள் வெயிலும் ஈரமும் இறங்காமல் உட்பக்கம் பஞ்சு வைத்துக் கொடுப்பேன். பெருமுக்கல் பக்கம் ஒரு மல்லாட்டைக் கிடங்கு, வேர்க்கடலை மூட்டை அடுக்குகிற இடம், இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஏழு வருடத்தில் ஒரு மூட்டை பூசணம் பிடித்ததில்லை.

பெரியதம்பி என் மனைவி வேணியின் அண்ணன். மூன்று வருடத்துக்கு முன்னால் கெடாருக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டுக் கல்யாண மண்டபம் கட்டினார். நான் மெனக்கெட்டுப் போய்ச் சொன்னேன். கண்ணாடிப் பஞ்சை வெறுமனே வைக்காதீர்கள், கீழ்ப்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டி இணைப்புகளை டேப் போட்டு அடையுங்கள், இல்லாவிட்டால் பனிக்காலத்தில் ஜனங்களின் மூச்சும் சமையல் ஆவியும் பஞ்சைத் தாண்டிப் போய்த் தகரத்தில் வேர்த்துவிடும் என்றேன். கூரை வேலை தொடங்குமுன், சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசச் சாப்பாட்டுப் பந்தி அது. சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருந்தது.

“இன்னா மாப்ள, தகரத்துக்கு வேர்க்குமா? அப்ப காய்ச்சல் வந்தா மாத்திரை குடுக்கணுமா?” என்றார்.

பந்தியே சிரித்தது. வேணி சிரித்தாள். என் மகள் கலைப்பிரியா புரை ஏறும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் கோபக்காரன் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

வேலை கோபிக்குப் போயிற்று. வெறும் பஞ்சை வைத்து, கீழே அலங்காரத் துணி கட்டி முடித்துவிட்டான். அதன் பிறகு எந்த விசேஷத்தில் பார்த்தாலும் மச்சான் என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். “தகரத்துக்குக் காய்ச்சல் எறங்கிச்சா மாப்ள?” என்பார். மூன்று வருடம், சார். அந்தக் கூரையோ ஒரு சொட்டுக்கூட வடிக்கவில்லை. உச்சியில் ஆறு காற்றாடிகள் சுற்றிச் சுற்றி ஆவியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. அங்கே நடந்த கல்யாணங்களும் பெரும்பாலும் வெயில் காலத்தில் நடந்தவை. எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்கள்.

அப்போதுதான் கலைப்பிரியாவுக்கு விழுப்புரத்தில் தென்னரசு என்ற பையன் அமைந்தான். தங்கமான பையன். ஜோசியர் இரண்டு தேதி கொடுத்தார். ஒன்று ஆவணியில், இன்னொன்று தை மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கு.

“ஆவணியிலேயே வெச்சிக்கலாம்பா. பனியில எனக்கு வீசிங் வந்துரும்” என்றாள் கலைப்பிரியா.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தத் தொந்தரவு உண்டு. நான் தையைத் தேர்ந்தெடுத்தேன். மண்டபமும் பெரியதம்பியுடையதுதான் என்றேன். பழசையெல்லாம் மறந்துவிட்டேன் என்று வேணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் சந்தோஷத்தில் கண் நிறைந்தது.

பத்திரிகை வைக்கக் கிளம்பினேன். உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் மணிக்குக் கால் டம்ளர் தண்ணீரை மூச்சாகவும் வியர்வையாகவும் விடுவார். எங்கள் சொந்தம் அறுநூறு பேர்தான். போதாது. மண்டகப்பட்டில் டீ குடிக்க நின்ற கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் வைத்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வைத்தேன். குடும்பத்தோடு வர வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மாசிலாமணிக்கு மகள் கல்யாணத்தில் தலைகால் புரியவில்லை என்று ஊரே பேசியது. உண்மைதான். அந்த மாதம் முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆயிரத்து இருநூறு பேர் என்றால் மணிக்கு நாலைந்து குடம் தண்ணீர், சார்.

முதல்நாள் காலையில் கூரை மேல் ஏறி ஆறு காற்றாடிகளுக்கும் பிளாஸ்டிக் சாக்கைச் சுற்றிக் கட்டினேன். கீழே இருந்து மச்சான் பார்த்துவிட்டார்.

“இன்னா மாப்ள பண்ணிக்கினு கீற?”

“புள்ளைக்கு வீசிங் மச்சான். பனி உள்ள எறங்கும்.”

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரே ஓடிப்போய் ஜன்னல்களையெல்லாம் சாத்தினார். இட்லிக் கொப்பரைகளை மேடைக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன். முந்தின மாலை வரவேற்பிலிருந்தே பஞ்சு ஈரத்தைக் குடிக்கத் தொடங்கியிருந்தது.

ஐந்து பத்துக்கு முதல் சொட்டு விழுந்தது. ஐயரின் தாம்பாளத்தில் டிங் என்று கேட்டது. இரண்டாவது, மாப்பிள்ளையின் மூக்கில். அப்புறம் எண்ண முடியவில்லை. மழையே இல்லாமல், மேகமே இல்லாமல், கூரையில் ஓர் ஓட்டைகூட இல்லாமல் மண்டபம் முழுக்கச் சொட்டியது. ஓமத் தீ உஸ்ஸென்று அணைந்தது. மேளக்காரர் மேளத்தைத் துணியால் மூடினார். பெரியதம்பி வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தார், ஒரு சொட்டு சரியாக உள்ளே விழுந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “வேர்க்குது மச்சான், பாருங்க, வேர்க்குது” என்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலை வந்ததில்லை.

தாலியைக் கையில் எடுத்த நேரத்தில் மேடைக்கு மேலே இருந்த துணி கிழிந்து, ஊறிய பஞ்சு மொத்தமாக இறங்கியது. ஓரத்தில் ஊறாமல் கிடந்ததெல்லாம் தூளாகப் பறந்தது. கண்ணாடித் தூள் பட்டால் அரிக்கும். முன்வரிசைகளில் மாப்பிள்ளை வீட்டார் இருநூறு பேரும் ஒரே நேரத்தில் சொறிந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். சகுனம் சரியில்லை என்று யாரோ சொல்ல, சொறிந்துகொண்டே எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள். நின்றது கல்யாணம் மட்டும்தான். தகரத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

கலைப்பிரியாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். அவள் மூச்சு விடும்போது அந்த முகமூடிக்குள்ளும் முத்து முத்தாகப் பூக்கிறது. வேணியிடம் அதைத்தான் காட்டினேன். அவள் ஏன் என்னை வெளியே போகச் சொன்னாள் என்று தெரியவில்லை. பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை கூரை வேலையை நானே செய்து தருகிறேன், ஒரு சொட்டு விழாது. நான் என் பிள்ளைக்குக் கெடுதல் நினைப்பவனா?

நீங்கள் கேட்டதில் ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, சார். மேடையில் அவள் எப்போது மூச்சுத் திணறத் தொடங்கினாள், எத்தனை முறை ‘அப்பா’ என்று கூப்பிட்டாள் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.