பீரோவில் அம்மாவின் பக்கம்

— அதையும் எடுக்காதே, இதையும் எடுக்காதேன்னா நான் எதைத்தாம்மா எடுக்கிறது? கதவைத் திறந்தா தலைமேல துணி கொட்டுது. நீயே கூப்பிட்டு நீயே கையைப் பிடிச்சா எப்படி?

— என் பக்கத்தை மட்டும்தான் அடுக்கச் சொன்னேன் கண்ணு. மேல் தட்டுக்குக் கையைத் தூக்கினா ஒரே அசதியா இருக்கு, அதான். அப்பா பக்கம் இருக்கிறபடி இருக்கட்டும், விடு.

— துணிக்கடையில நான் ஒரு நாளைக்கு அடுக்கிறதுல இது கால்வாசி கூட வராது. வர்றவங்க கலைச்சுப் போட, நான் மடிச்சு வைக்க, திரும்பியும் அவங்க கலைக்க... பேருதான் சூப்பர்வைசர், மடிச்சுப் பழகின கை இது. முதல்ல உன் பக்கம், அப்புறம் அப்பா பக்கம். கட்டறது ஒரு கும்பல், கழிக்கிறது ஒரு கும்பல். சரியா? ஸ்ஸ்... ஐயோ, குத்திடுச்சு!

— பார்த்து, பார்த்து. ஊக்கு இருக்கும்.

— ஒரு ஜாக்கெட்ல இத்தனை ஊக்கா? இதுலயும் இருக்கு. இந்தப் பச்சையிலயும். அம்மா, இது என்ன பீரோவா, முள்ளம்பன்றியா?

— துவைச்சுத் துவைச்சு இழுத்துப்போச்சு. தொளதொளன்னு இருந்தாலும் காத்தோட்டமாத்தான் இருக்கு, விடு.

— எல்லாம் கழிக்கிற கும்பல்தான். அடுத்த தடவை வர்றப்ப நானே புதுசா துணி எடுத்துட்டு வர்றேன். சரியா?

— எனக்கெதுக்குப் புதுசு? ஆஸ்பத்திரி விட்டா அடுப்படி, அடுப்படி விட்டா ஆஸ்பத்திரி. இதுக்கு மினுக்கிக்கிட்டு வேற போகணுமாக்கும்.

— உள்ள என்ன சத்தம்? பின் சீட்டுல சண்டையா?

— ஒண்ணுமில்லப்பா! பீரோ அடுக்கறோம்! நீங்க படுங்க!

— என் சட்டையை மட்டும் இடம் மாத்திடாதீங்க. அப்புறம் ஸ்டாப் தெரியாத பாசஞ்சர் மாதிரி முழிச்சுக்கிட்டு நிப்பேன்.

— பார்த்தியா? ஹால்ல படுத்துக்கிட்டு அவரே சொல்றார். மூடு அந்தக் கதவை.

— இரும்மா. இதோ இந்த நீலச் சட்டை நான் வாங்கிக் குடுத்தது. எங்க கடைச் சட்டை. காலர்ல நாப்பத்திரெண்டுன்னு போட்டிருக்கு.

— ஆமா. அதுக்கென்ன? மடிச்சு வச்சிடு.

— மடிக்கிறப்பதானே தெரியுது. இந்தச் சட்டை தினமும் என் கையில ஆயிரம் தடவை போய் வர்ற சட்டை. கண்ணை மூடிக்கிட்டே சைஸ் சொல்லுவேன். இது நாப்பத்திரெண்டு இல்லம்மா. உள்பக்கம் திருப்பறேன், இரு... இது என்ன தையல்? ரெண்டு பக்கமும் உள்ள மடிச்சுப் பிடிச்சிருக்கு. கைத்தையல்.

— மெதுவாப் பேசு.

— இந்தக் கட்டம் போட்டதையும் பிடிச்சிருக்கு. பேன்ட்டெல்லாம் இடுப்புல மடிச்சுத் தைச்சிருக்கு. யாரும்மா இப்படி...

— மெதுவாப் பேசுன்னு சொல்றேன்ல! போய் ரூம் கதவைச் சாத்து.

— சாத்திட்டேன். சொல்லு.

— நான்தான். மத்தியானம் அவர் கண்ணசர்ற நேரத்துல. முதல்ல ஒரு விரக்கடை பிடிச்சேன். அப்புறம் அது பத்தல. அதுக்கு மேல இன்னொரு விரக்கடை.

— எதுக்கும்மா?

— உங்க பெரியப்பாவுக்கு இதே வியாதி வந்தப்ப நீ ரொம்பச் சின்னவ. ஒரு நாள் காலையில பேன்ட்டைப் போட்டார், இடுப்புல நிக்காம நழுவிக் கீழ விழுந்துச்சு. அப்படியே கட்டில்ல உட்கார்ந்தவர்தான். அதுக்கப்புறம் தட்டு வச்சா தள்ளி விடுவார், பேச்சுக் குடுத்தா சுவத்துப் பக்கம் திரும்பிக்குவார். அதைப் பார்த்துட்டு வந்து உங்கப்பா சொன்னார், 'என்னிக்கு என் சட்டை எனக்குத் தொளதொளக்குதோ, அன்னிக்கு நானும் வண்டியை ஓரங்கட்டிடுவேன்'னு. சொன்னதைச் செய்யற மனுஷன், உனக்குத் தெரியாதா?

— அதுக்காக இப்படி எல்லாத்தையும்...

— வேற நான் என்ன செய்வேன் கண்ணு? டாக்டர் என்னென்னமோ சொல்றார், தலையாட்டிட்டு வர்றேன், ஒண்ணும் புரியல. மருந்து என் கையில இல்ல. வியாதி என் பேச்சைக் கேக்காது. அவர் உடம்பு கரையறதை என்னால நிறுத்த முடியல. துணியைத்தான் கூடவே சின்னதாக்க முடிஞ்சுது.

— ஆஸ்பத்திரியில எடை பார்ப்பாங்களே?

— முள்ளைப் பார்க்க விடமாட்டேன். பக்கத்துலயே நின்னு ஏதாவது தொணதொணன்னு பேசுவேன். சத்தமாச் சொல்லாதீங்கம்மான்னு நர்ஸ்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். காலையில சட்டையை மாட்டிக்கிட்டு, 'பார்த்தியா, உடம்பு அப்படியேதான் நிக்குது'ன்னு சொல்லிட்டு ஒரு வாய் கூடுதலாச் சாப்பிடறார். அந்த ஒரு வாய்க்குத்தான் இவ்வளவும்.

— உனக்குக் கிட்டத்துல கண்ணே தெரியாதேம்மா, ஊசியில நூல் எப்படிக் கோக்கிறே?

— நீதான் வர்றப்பல்லாம் கோத்து வச்சுட்டுப் போறியே. டப்பாவைத் திறந்தா எப்பவும் நாலஞ்சு ஊசி நூலோட நிக்குது. அதான் என் பொழப்பு ஓடுது.

— நானா? நான் எப்போ...

— என்ன?

— ஒண்ணுமில்ல. விடு.

— உள்ள வரலாமா? வண்டி நின்னு ரொம்ப நேரமாச்சு. டிரைவருக்கு ஒரு டீயாவது கிடைக்குமா?

— அந்தச் சட்டையை நல்லபக்கம் திருப்பு, திருப்பு! வாங்க, வாங்க. இதோ டீ போட்டுட்டு வந்துடறேன். கண்ணு, பார்த்துக்க.

— சரிம்மா. இப்படி உட்காருங்கப்பா, துணியைத் தள்ளிக்கிறேன்.

— போயிட்டாளா?

— அடுப்படிக்குப் போயாச்சு. என்னப்பா வேணும்?

— நீலச் சட்டை உன் கையிலயே இருக்கே. உள்பக்கம் பார்த்துட்டே, அப்படித்தானே?

— எந்த... எந்த உள்பக்கம்?

— நடிக்காதே சூப்பர்வைசர். உனக்கும் வராது, உங்கம்மாவுக்கும் வராது.

— அப்பா! உங்களுக்குத் தெரியுமா?

— வாழ்நாள் பூரா பஸ் கண்ணாடியில பின்னாடி வர்றவன் மூஞ்சியைப் பார்த்து ஓட்டினவன். என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? மத்தியானம் நான் எங்க தூங்கறேன்? சும்மா கண்ணை மூடிப் படுத்திருப்பேன். முதல்லல்லாம் அவ நூலை நாக்குல தொட்டுத் தொட்டு, ஊசிக் காதைத் தேடித் தேடி அல்லாடுவா. விரல்ல குத்திக்கிட்டு, எனக்குக் கேக்கக்கூடாதுன்னு வாயைப் பொத்திக்குவா. பார்க்க முடியலடா. அதான், அவ குளிக்கப் போறப்ப எல்லாத்தையும் கோத்து வச்சிடறது.

— ஊசி... நீங்களாப்பா?

— வேற யாரு? நீன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. அப்படியே இருக்கட்டும், காட்டிக் குடுத்துடாதே.

— ஏம்ப்பா, நேரா சொல்லிடலாமே. ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அழுதுட்டாவது போகலாமே.

— சொல்லிட்டா அப்புறம் அவளுக்கு என்ன வேலை இருக்கும்? எனக்காக ஏதோ செய்யறோம்னு அந்த ஊசியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவ நிக்கிறா. அதையும் பிடுங்கச் சொல்றியா? அழாதே. சட்டையில சொட்டிச்சுன்னா அவ கண்டுபிடிச்சிடுவா. அவ வர்றதுக்குள்ள ஒரு காரியம் சொல்றேன், கேளு. அவளை நல்ல டாக்டராப் பார்த்துக் கூட்டிட்டுப் போ.

— அம்மாவையா? அம்மாவுக்கு என்ன?

— தெரியல. என்னால கேக்கவும் முடியல. 'நீ ஏன் இப்படி இளைச்சுட்டே'ன்னு நான் வாயைத் திறந்தா, இளைக்கிற பேச்சு வரும். இளைக்கிற பேச்சு வந்தா என் சட்டைக் கதையும் வெளிய வந்துடும். சந்துக்குள்ள வண்டியை விட்டுட்டு முழிக்கிறேன். முன்னாடியும் போக வழியில்ல, ரிவர்ஸும் விழ மாட்டேங்குது.

— நான் காலையிலேருந்து கூடவேதானேப்பா இருக்கேன். நல்லாத்தானே இருக்காங்க?

— நீ என்னைப் பார்க்க வந்தே. இந்த வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறாங்க. அவளும் என்னைத்தான் பார்த்துக்கிட்டிருக்கா. அவ பக்கத்தை அடுக்கினியே, ஜாக்கெட்டெல்லாம் பார்த்தியா?

— பார்த்தேன். எல்லாத்துலயும் ஊக்கு. துவைச்சுத் துவைச்சு இழுத்துப்போச்சாம்.

— நீ துணிக்கடையில இருக்கிறவ. எனக்குத் தெரியாது, நீ சொல்லு. பருத்தித் துணியைத் துவைச்சா என்ன ஆகும்?

— சுருங்... சுருங்கும்ப்பா.

— ம். செருப்புச் சத்தம் கேக்குது. கண்ணைத் துடைச்சுக்க.

— என்ன, அப்பாவும் பொண்ணும் இப்படியே உட்கார்ந்திருக்கீங்க? ஒரு தட்டுகூட அடுக்கி முடிக்கலையா? பிடிங்க, டீ ஆறிடும். கண்ணு, ரெண்டு கையிலயும் டம்ளர் இருக்கு, தோள்ல ஜாக்கெட் இறங்கிக்கிட்டே வருது. அந்த டப்பாவுலேர்ந்து ஒரு ஊக்கு எடுத்துக் குத்தி விடேன்.