பழைய சரக்கு

இறால் சாப்பாட்டு விஷயத்தில் நம்மைவிடக் கறாரானது, சார். பிடிக்காத தீவனமென்றால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடும். என் தீவனத்தை அது ஒருநாளும் மிச்சம் வைத்ததில்லை.

மீன் வெட்டும் கம்பெனிகளில் தூக்கி எறிகிற தலை, குடல், தோல் எல்லாம் எங்கள் கொட்டகைக்கு வரும். அன்றைக்கே வேகவைத்து, பிழிந்து, காயவைத்து அரைத்தால் அருமையான தீவனம். போட்டு வைத்தால் விஷம். இவ்வளவுதான் விஷயம். இதை என் தங்கை புருஷனுக்குப் புரியவைக்கப் போய் நான் பாதி ஆளாகிவிட்டேன்.

குளம் மாப்பிள்ளையுடையது, கொட்டகை என்னுடையது. கழிவை ஏற்றி வருவது அவர் பொறுப்பு. வண்டி எப்போதும் தாமதம். அன்றைக்கு வேகவைக்க முடியாமல் மிஞ்சியதைத் தரைக்கடியில் இருக்கும் சிமெண்டுத் தொட்டியில் கொட்டி மூடிவிடுவார். அது அங்கேயே அழுகும். பிறகு அதையே அள்ளிக் குளத்தில் வீசுவார்.

“பச்சையாப் போடாதீங்க மாப்ளே, தண்ணி கெட்டுடும்.”

“இறாலுக்கு என்ன மச்சான், விருந்தா வைக்கப்போறோம்?”

தண்ணீர் கறுத்தது. இறால் கரையோரம் ஒதுங்கிச் செத்தது. அவரோ என் தீவனம்தான் காரணம் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். என்னிடம் தீவனம் வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். தங்கைகூட, “அண்ணே, உங்க கொட்டகையில ஏதாவது கலந்துடுச்சா?” என்று கேட்டாள். நான் கத்துகிற ஆள் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் மறுபடியும் பேச்சு வந்தது. தொட்டியில் கிடப்பது அழுகின சரக்கு என்றேன்.

“அழுகலா? இறங்கி ஒரு கை அள்ளிக் காட்டுறேன், பாருங்க.”

மூடிக்கிடந்த தொட்டியில் விஷவாயு சேர்ந்திருக்கும். திறந்து வெகுநேரம் காற்றாட விட்ட பிறகுதான் ஆள் இறங்கலாம். இதை அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், காதில் வாங்கினால்தானே. அதனால் நேற்று சொல்லவில்லை. மூடியைத் திறந்தேன். அவர் இடுப்பில் கயிறு கட்டினேன். என் பக்கம் குறை வைக்கவில்லை.

கீழே போனதும் இருமினார். ஏணியைப் பிடிக்கப் பார்த்தார், கை வழுக்கியது.

“மச்சான், தூக்குங்க.”

கயிறு என் கையில்தான் இருந்தது.

“தூக்குறேன் மாப்ளே. தப்பு உங்க மேலதான்னு ஒரு தடவை சொல்லிடுங்க.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு அந்தக் கழிவிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னொரு முறை கேட்டேன், பொறுமையாகத்தான்.

வேலையாட்கள் சாப்பிட்டுத் திரும்பியபோது நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தேன். காப்பாற்றப் போராடினேன் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள்.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. நான் இழுத்திருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் சார், உயிர் போகிற நேரத்திலும் ஒரு மனுஷன் தன் தப்பை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றால், அவரை வைத்துக்கொண்டு நான் எப்படித்தான் தொழில் செய்வது?