சிவப்புக் கையுறையும் நீலம் கண்ட நிரலும்

அவையை ஆளும் தலைவர் அவர்களே, அவருக்கு அருகே அமர்ந்திருக்கும் ஆன்றோர்களே, அல்லும் பகலும் நிரல் எழுதும் நண்பர்களே, அவர்களைப் பெற்று, "சாப்பிட்டுட்டுப் போய் எழுதேன்" என்று கதவருகே கெஞ்சும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

படத்தைக் கணினியின் நினைவகத்துக்குள்ளேயே வடிவம் மாற்றுவது பற்றிப் பேசப் பணித்தார்கள். முன்வரிசை ஐயா இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். பொறுங்கள் ஐயா, இது என் அக்காவின் கையைப் பற்றிய பேச்சு.

அக்கா அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்கிறாள். கையில் சிவப்பு ரப்பர் உறை. மேலே கேமரா. கத்தியின் கீழே சிவப்பு தெரிந்தால் கத்தி நிற்க வேண்டும். கேமராப் படத்தைப் பார்த்துக் கத்தியை நிறுத்தும் நிரல் எங்கள் குழுவுடையது. முதலில் ஒவ்வொரு படத்தையும் கோப்பாகச் சேமித்து, மறுபடி திறந்து பார்த்தோம். பிழையில்லை, ஆனால் ஆமை வேகம். கத்தி காத்திருக்குமா? எங்கள் குழுவில் 'மின்னல்' என்று ஒருவர். அவர் கோப்பையே ஒழித்து, கேமரா தந்த படத்தை நினைவகத்திலேயே மாற்றி நிரலுக்கு ஊட்டினார்.

ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிற எண்கள். கோப்பிலிருந்து வரும்போது சிவப்பு முதலில் நின்றது; நிரலும் முதல் எண்ணையே சிவப்பு என்று படித்தது. எங்கள் கேமராவோ நீலத்தை முதலில் தருவது. மின்னல் படத்தின் அளவை மாற்றினார், எண்ணின் வகையை மாற்றினார், வரிசையை மாற்ற மறந்தார். "திரையில் தெரிந்திருக்குமே" என்கிறார் ஒரு தம்பி. நல்ல கேள்வி. திரையில் காட்டும் கருவியும் நீலத்தைத்தான் முதலில் படிக்கும். ஆகவே எங்கள் கண்ணுக்குச் சிவப்பு, நிரலின் கண்ணுக்கு நீலம்.

வெள்ளோட்ட நாள். கத்தி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முழுக்கை நீலச் சட்டை போட்ட மெக்கானிக், கத்தியின் கீழே கிடந்த ஒரு காகிதத் துணுக்கை எடுக்கக் கை நீட்டினார். கத்தி நின்றது. அச்சக மேலாளர் பூரித்துப்போனார்.

"பாத்தீங்களா, எவ்ளோ உஷாரு. நீங்களும் கைய வைங்கம்மா, எல்லாரும் பாக்கட்டும்," என்றார் அக்காவிடம். மறுபடி ஓடவிட்டார்கள்.

கைதட்டாதீர்கள், கத்தி இன்னும் மேலேதான் இருக்கிறது.

நான் மெக்கானிக்கின் சட்டையையே பார்த்தேன். சிவப்புக்கு நிற்க வேண்டியது நீலத்துக்கு ஏன் நின்றது? அக்காவின் கை நகர்ந்தது. விரல் நுனி பலகையைத் தொட்டது. பாய்ந்து தோளைப் பிடித்து இழுத்தேன்.

"என்னம்மா நீ, இப்பதானே நின்னுச்சு," என்றார் மேலாளர்.

அக்காவின் உறையைக் கழற்றி ஒரு குச்சியில் மாட்டி நீட்டினேன். கத்தி இறங்கியது. ஐந்து விரலும் தனியே விழுந்தன.

மின்னல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா அந்த விரல்களைப் பொறுக்கி மேலாளர் கையில் வைத்தாள்.

"ரப்பர் சார். அதனாலதான் ரத்தம் வரல."

அவையோரே, கோப்பில் தேறியது கேமராவில் தேறுமா? திரைக்குச் சரியென்றால் நிரலுக்கும் சரியா? வடிவத்தை மாற்றினீர்களே, மாறியதை மறுபடி சோதித்தீர்களா? கோபத்தோடு சொல்கிறேன்: தன் நிரலை நம்புகிறவன் தன் கையை நீட்டட்டும். அடுத்தவள் கையைக் கேட்க அவனுக்கு எந்த உரிமையும் இல்லை.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. நாளைக் காலை வேலைக்குப் போகும் ஒவ்வொரு கைக்கும் என் வணக்கம்.