பெட்டி காலியாக இருக்கக் கூடாது

கருத்துச் சீட்டுக்கு நல்ல காகிதமாக வாங்கு என்று சினிமாப் படம் எடுத்த அந்தப் பெண்ணிடம் நான் முதலிலேயே சொன்னேன். கேட்கவில்லை. மணிலாவிலிருந்து ஒரு கட்டுப் பழுப்புக் காகிதம் கொண்டு வந்தாள். பேனாவைக் கொஞ்சம் அழுத்தினால் மறுபக்கம் ஊறிவிடும். படம் எடுக்கத் தெரிந்தவர்களுக்குக் காகிதம் வாங்கத் தெரிவதில்லை. இதை நீங்கள் எழுத வேண்டாம், அட்டர்னி. பேச்சைத் தொடங்குவதற்காகச் சொன்னேன்.

என் பெயர் பெலென் மகலோனா. வயது ஐம்பத்து நான்கு. சான் கெர்வாசியோ வட்டார அலுவலகத்தில் இருபத்தோரு வருடமாகச் செயலாளர். இதற்குள் மூன்று தலைவர்கள் வந்து போய்விட்டார்கள். நான் இருக்கிறேன். நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை, நானாகவே வந்தேன். அதை மட்டும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். மீன் உருண்டை விற்கும் செல்சோ, தான் செய்யாத ஒன்றைச் செய்ததாகப் பொய் சொல்லி, தனக்குச் சேர வேண்டாத ஒன்றை வாங்கிக்கொண்டான். அதுதான் என் புகார். மற்றதெல்லாம் விளக்கத்துக்காக.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் கூடைப்பந்து மைதானத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் போதை ஒழிப்பு என்று ஊருக்கு ஊர் பெட்டி வைத்தார்கள் இல்லையா? விற்பவன் பெயரை எழுதிப் போடுங்கள், உங்கள் பெயர் தேவையில்லை என்றார்கள். எங்கள் பெட்டியில் ஆர்னெல் என்பவனின் பெயர் இருந்தது. வாடகைக்கு ஆள் ஏற்றும் டிரைசிகிள் ஓட்டுபவன், இருபத்து நான்கு வயது. ஒரு மதியம் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து சுட்டுவிட்டுப் போனார்கள். வாளி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது, குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை. படம் அவனைப் பற்றியது. உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது என்று ஆரம்பத்திலேயே வெள்ளை எழுத்தில் வருகிறது. அதைப் பார்த்ததும் எங்கள் ஜனங்கள் கைதட்டினார்கள். எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

படம் எடுத்த பெண்ணின் பெயர் மீகா. அறுபது பேரின் கருத்து வேண்டும், அலுவலகச் சுவரில் ஒரு வாரம் ஒட்டிவைத்துவிட்டுப் பிறகு மணிலாவுக்கு எடுத்துப்போவேன் என்றாள். வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வைத்தோம். அந்த மாலையில் பெட்டியைத் திறந்தால் பதினேழு சீட்டு. தலைவராக நடிப்பவர் ஒல்லி, நம் தலைவர் குண்டு என்று ஒருவர் எழுதியிருந்தார். என் வீட்டுக் கூரையைக் காட்டினீர்கள், அது இப்போது நீலம், மறுபடி எடுங்கள் என்று ஒருவர். மின்விசிறி போதவில்லை என்று நான்கு பேர். படத்தில் வரும் ஆர்னெல் நல்ல சிவப்பு, எங்கள் ஆர்னெல் கறுப்பு என்று யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள். அதை மட்டும் நான் இரண்டு முறை படித்தேன்.

பதினேழைப் பார்த்து மீகாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. காலிப் பெட்டி எப்போதும் அதை வைத்தவருக்கு அவமானம். நீ போய்ச் சாப்பிடு, மீதியை நான் வாங்கி வைக்கிறேன் என்றேன். எனக்கு ஐந்தாறு விதமாக எழுத வரும். இடக் கையாலும் எழுதுவேன். பேனாவை மாற்றி மாற்றி, பொறுமையாக உட்கார்ந்து நாற்பத்து மூன்று கருத்துகளை எழுதி முடித்தேன். ஜனங்களுக்குக் கருத்து இருக்கிறது, அட்டர்னி. எழுதத்தான் சோம்பல்.

படத்தில் ஆர்னெலின் பெயரை எழுதிப் போடுவது பக்கத்து வீட்டுக்காரன். சண்டைச் சேவல் விஷயத்தில் ஒரு தகராறு, அந்த வன்மம். யாரைப் பார்த்து எடுத்தது என்று எங்கள் வட்டாரத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். செல்சோவின் சேவலை ஆர்னெல் வண்டியேற்றிக் கொன்றதும், செல்சோ தெருவில் நின்று கத்தியதும் பெட்டி வைத்த அதே மாதம்தான். இதை மீகாவிடம் சொன்னது நான். படம் எடுப்பதற்கு முன்னால் மூன்று நாள் என்னிடம் வந்து உட்கார்ந்து கேட்டாள். யார் எழுதியிருக்கலாம் என்றாள். பெயரில்லாத சீட்டு, எப்படிச் சொல்வது, ஆனால் அந்த மாதம் இப்படி ஒரு சேவல் தகராறு நடந்தது என்றேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. யார் எழுதியிருக்கலாம் என்றுதான் அவள் கேட்டாள். நீங்கள் எழுதினீர்களா என்று கேட்கவில்லை.

நான் எழுதிய நாற்பத்து மூன்றில் ஒன்பது கருத்துகள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் பாத்திரத்தைப் பாராட்டின. அச்சு அசல், எங்களுக்கு அவனைத் தெரியும், உண்மையைத் தைரியமாகக் காட்டியிருக்கிறீர்கள் என்ற மாதிரி. ஒரு படத்தைப் பற்றிப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னால் படித்துப் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம். ஒன்பது பேராவது ஒன்றையே சொல்ல வேண்டும்.

மறுநாளிலிருந்து செல்சோவின் தள்ளுவண்டிப் பக்கம் யாரும் போகவில்லை. உருண்டைகள் எண்ணெயில் பொரிந்து பொரிந்து கறுத்துப்போகும்வரை நின்றான். அவனுடைய காரக் குழம்பு ஜாடியில் யாரோ மண்ணைப் போட்டார்கள். அவன் மனைவி பாத்தங்காஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு காலையில் அலுவலகச் சுவர் முன்னால் நின்று அறுபது சீட்டையும் வரிசையாகப் படித்தான். பிறகு என் மேசைக்கு வந்தான். “ஒம்பது பேருக்கு என்னைத் தெரியும்னு போட்டிருக்கு அக்கா. யாரு அந்த ஒம்பது பேரு? வந்து எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லுங்களேன்” என்றான். கருத்துச் சொன்னவர்களின் பெயரை வெளியே சொல்லக் கூடாது, அது விதி என்று விளக்கினேன். விதிகளை நான் மீறியதில்லை.

நான்காம் நாள் லூமிங் அக்கா வந்தார். ஆர்னெலின் அம்மா. அவருக்குக் கண்ணில் புரை, எழுத முடியாது. தன் கருத்தையும் சுவரில் ஒட்ட வேண்டும், நீதான் எழுதித் தர வேண்டும் என்றார்.

“பெலென், ஒனக்குத்தான் எழுத்து அழகு. எழுது. படம் நல்லா இருந்துச்சுன்னு போடு. அந்தப் பொண்ணு பாவம், வெயில்ல அலைஞ்சிருக்கு. அப்புறம், எம் புள்ளை பேர எழுதினது யாரா இருந்தாலும் ஒரு தடவை எங்கிட்ட வந்து நாந்தான்னு சொல்லட்டும். சொன்னா மன்னிச்சுருவேன். போலீசு, கேசு எதுவும் வேணாம்.”

“யாரா இருந்தாலுமா?” என்று கேட்டேன்.

“யாரா இருந்தா என்ன? எட்டு வருசமா நான் கடைக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், எதுக்க வர்ற ஒவ்வொருத்தரையும் பாத்து இவரா இருக்குமோ, இவளா இருக்குமோன்னு நெனச்சுக்கிட்டே நடக்குறேன். முடியல. ஒன்னையக்கூட ஒரு நாள் நெனச்சேன்னா பாத்துக்கோ” என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஒரு சொல் மாற்றாமல் எழுதி, சுவரின் நடுவில், கண்ணில் படும் உயரத்தில் ஒட்டினேன். என் சொந்தக் கையெழுத்தில்தான். அதை ஒட்டியபோது எனக்கு மனசு லேசாகிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன். அந்த மன்னிப்பு யாருக்கு என்று உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போவதாக இருந்தேன். அன்றைக்குப் பார்த்துக் கொசு மருந்து அடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், யாராவது கூட இருக்க வேண்டும். சனிக்கிழமை என் நல்ல ரவிக்கை துவைத்துக் காயவில்லை. இப்படிப்பட்ட காரியத்துக்குக் கசங்கிய துணியோடு போக முடியாது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஆறு இனிப்பு ரொட்டிகள் வாங்கி அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு லூமிங் அக்கா வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். சுருக்கமாக இரண்டு வாக்கியம், பிறகு ரொட்டி.

சாப்பாட்டு மேசையில் செல்சோ உட்கார்ந்திருந்தான். அவன் தட்டில் சோறும் அடோபோ கறியும். ஆர்னெல் உட்காரும் நாற்காலி அது.

“வா பெலென், நீயே சாட்சி. செல்சோ வந்துட்டான். நாந்தான் எழுதினேன்னு சொல்லிட்டான்” என்றார் லூமிங் அக்கா. அழுது முடித்த முகம், ஆனால் அப்படி ஒரு தெளிவை அதில் நான் எட்டு வருடமாகப் பார்த்ததில்லை. “வயித்தெரிச்சல்ல செஞ்சிட்டேன்னு அழுவுறான். முட்டாப்பய. சாப்புடுடான்னு ஒக்கார வச்சிருக்கேன்.”

ரொட்டிப் பெட்டியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. செல்சோ தலையைத் தூக்கவில்லை. அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை காத்திருந்து, வெளியே குழாயடியில் அவனைப் பிடித்துக்கொண்டேன். எதற்குப் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

“பொய்யின்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றான். நான் குழாயை இறுக்கி மூடினேன். அவனே மேலே பேசினான். “அக்கா, ஒரு வாரமா எங்கிட்ட யாரும் பேசல. பொண்டாட்டி பேசல. நான் இல்லன்னா எவனும் நம்பப்போறதில்ல. அந்தச் சீட்ட எழுதினவன் வரவும் மாட்டான். வர்றவன்னா எட்டு வருசத்துல வந்திருக்க மாட்டானா? அந்தம்மா இன்னும் எத்தன நாளைக்கு வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கும்? நான்னு சொன்னேன். அது நிம்மதியாத் தூங்கும். நானும் தூங்குவேன். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

யாருக்கு என்ன நஷ்டம் என்று என்னிடமே கேட்கிறான். ஆத்திரமாக வந்தது, மறைப்பானேன். பொய் வாக்குமூலம் கொடுப்பது குற்றம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அவன் வண்டி முன்னால் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். தப்பை ஒப்புக்கொண்ட மனுஷன் என்று நல்ல பெயர். அவன் மனைவியும் திரும்பிவிட்டாள். லூமிங் அக்கா தினமும் நான்கு மணிக்கு அவனிடம் ஒரு குச்சி மீன் உருண்டை வாங்கிச் சாப்பிடுகிறார். மீகா இதையும் ஒரு படமாக எடுக்கப் போகிறாளாம்.

அவன் எழுதவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், விஷயம் எளிமையானது. எட்டு வருடத்துக்கு முந்தைய அந்தப் பெட்டியில் யாருமே எந்தப் பெயரையும் எழுதிப் போடவில்லை. பதினைந்து நாள் கழித்து நான் திறந்தபோது இரண்டு காகிதம்தான் இருந்தது. ஒன்று மிட்டாய் உறை. இன்னொன்றில் தெருவிளக்கு எரியவில்லை என்ற முறையீடு. பக்கத்து வட்டாரங்களில் பத்து, பதினைந்து என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். எங்கள் தலைவரை மேலிடத்தில் கூப்பிட்டு, பெட்டி காலி என்றால் மறைக்கிறாய் என்று அர்த்தம், உன் பெயரிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டார்களாம். திரும்பி வந்த மனுஷன் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் பெலென் என்றார். பார்த்துக்கொள்வதுதானே என் வேலை.

எங்கள் வட்டாரத்தில் ஒன்பது தெருக்கள். ஒரு தெருவுக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரே தெருவில் போட்டால் அநியாயம். குடும்பப் பதிவேட்டைப் பார்த்து, சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளைத் தவிர்த்தேன். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகவே யோசித்தது. ஆர்னெல் கப்பல் வேலைக்காகக் குடியிருப்புச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்திருந்தான். வாங்கிப் போக வரவில்லை. அது என் மேசையிலேயே கிடந்தது. அவன் தெருவுக்கு யார் என்று யோசித்தபோது கண்ணில் பட்டது அதுதான். சொன்ன தேதியில் வந்திருந்தால் வேறு பெயர் கண்ணில் பட்டிருக்கும். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, அட்டர்னி. மரியாதையான பையன்.

ஒன்பது சீட்டையும் ஒன்பது விதமாக எழுதினேன். முழுப்பெயர், கதவு எண், வீட்டில் இருக்கும் நேரம் எல்லாம் சரியாக இருந்தன. பக்கத்து வட்டாரத்தில் முகவரியைத் தப்பாகக் கொடுத்து, சம்பந்தமில்லாத வீட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். என் சீட்டுகளில் அப்படி ஒரு பிழைகூட நடக்கவில்லை. போன ஒன்பது இடமும் சரியான இடம்.

என்ன நடக்கும் என்று தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். விசாரிப்பார்கள் என்று நினைத்தேன். ஆர்னெல் மூன்றாவது ஆள். மீதி ஆறு பேரின் முறை வருவதற்கு முன்னால் நான் போய்ப் பட்டியலைத் திருத்தியிருக்கலாமே என்றால், அனுப்பிய பட்டியலைத் திருத்த மனு போட வேண்டும், காரணம் எழுத வேண்டும், கீழே என் பெயரைப் போட வேண்டும். பெயர் தேவையில்லை என்று அரசாங்கமே சொன்ன ஒரு விஷயத்தில் நான் எதற்குப் பெயரைப் போடுவது?

ஆகவே என் கோரிக்கை இவ்வளவுதான். லூமிங் அக்கா மன்னிப்பதாகச் சொன்னது அந்தச் சீட்டை எழுதியவரை. எழுதியவள் நான். அது ஆள் மாறிப் போய்விட்டது. செல்சோவைக் கூப்பிட்டு விசாரித்து, அதை ரத்து செய்து, எனக்குச் சேர வேண்டியதை எனக்கு வாங்கிக் கொடுங்கள். அந்தம்மா அவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு என்னுடையது. உண்மை தெரிந்தால் அவர் மறுபடி உடைந்துபோவாரே என்கிறீர்கள். எழுதிக் கொடுத்திருக்கிறார், யாராக இருந்தாலும் என்று. நான் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதினேன்.

மற்ற எட்டுப் பெயர்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். அந்த வீடுகளிலிருந்து மன்னிப்பதாக யாரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் அங்கே சரிசெய்ய எனக்கு ஒன்றும் இல்லை.