எண்ணெய் குடித்த கிளாரினெட்

“நீ அதத் திரும்பிப் பாக்காமலே இருந்திருந்தாகூட பொழச்சிருக்கும் புள்ள.”

இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர் மனைவியிடம் சொன்னார். துபாயிலிருந்து லீவில் வந்தவர் என்பது பேச்சில் தெரிந்தது. மடியில் திறந்த பெட்டி, உள்ளே கிளாரினெட் என்ற மரக்குழல் வாத்தியம்.

“மரம் காஞ்சா வெடிச்சிரும், எண்ணெய் போடுன்னு நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க?”

“எப்பவாச்சும் உள்ளுக்கு ரெண்டு சொட்டுன்னேன். நீ வெளக்குக்கு ஊத்துற மாதிரி தேங்கா எண்ணெய ஊத்தியிருக்க. ஓட்டைய மூடுற மெத்தையெல்லாம் ஊறிப் போயி, குளிருக்கு எண்ணெய் ஒறஞ்சு கெடக்கு. மெத்தைய மாத்தலாம், ஆனா மரமே எண்ணெயக் குடிச்சிருச்சு, பழைய சத்தம் வராதுன்னுட்டாரு ரிப்பேர் கடைக்காரரு. திருவிழாவுக்கு என்னத்த வாசிப்பேன்?”

அந்த அம்மா சேலைத் தலைப்பால் பெட்டியின் ஓரத்தைத் துடைத்தார்.

“ஏன் புள்ள இத்தன வாட்டி போட்ட?”

“வெள்ளிக்கெழம போன் எடுத்தா, எண்ணெய் போட்டியான்னுதானே மொதல்ல கேப்பீங்க. பொய் சொல்ல மனசு வராம, ஒவ்வொரு வெள்ளிக்கெழமயும் போட்டுட்டுத்தான் போனுக்குக் காத்திருப்பேன்.”

அவர் பெட்டியை மூடினார். நாலைந்து வளைவுகள் கழிந்தன.

“மலையேறித் தேயிலக் கொழுந்து எடுக்கிறியே, ஒன் முட்டிவலி எப்பிடி இருக்கு?”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இப்பதான் கேக்குறீங்க.”