ஓடும் ஊரில் பட்டறை

அல் ஐனிலிருந்து துபாய்க்கு ஷேர் டாக்ஸி. பின் சீட்டில் என்னையடுத்து இருவர். ஒருவர் கராஜ் மெக்கானிக், ஊரில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவராம். மற்றவர் வீங்கிய கன்னத்தைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார்.

"கராஜுக்கு வர்ற அமெரிக்காக்காரன் சொன்னான் பாய். அங்க சில ஸ்டேட்ல சட்டமே இருந்துச்சாம். எங்க ஊர்ல ஓடுற ரயிலை எங்க ஊர்லயேதான் ரிப்பேர் பாக்கணும்னு."

"எதுக்காம்?"

"உள்ளூர்ப் பட்டறைக்காரன் பொழைக்கணும்ல."

பாய் கன்னத்திலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

"இந்தப் பல்லு இங்க வந்துதாண்ணே சொத்தையாச்சு. இங்க பாத்தா கட்டுப்படியாகாது. லீவுல ஊருக்குப் போயித்தான் புடுங்கணும்."

"எனக்கு முதுகு. போன லீவு பூரா ஆஸ்பத்திரிதான். அதுக்கு முந்தின லீவுல கண்ணு."

"வீட்ல ஒண்ணும் சொல்லலையா?"

மெக்கானிக் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"'ஒவ்வொரு தடவையும் பட்டறைக்குத்தான் வர்றீங்க, வீட்டுக்கு எப்ப வருவீங்க'ன்னு கேட்டா."